ஒட்டுகிற வரைக்கும்

கை எங்கே இருக்கிறது என்று சம்பூர்ணத்துக்குத் தெரியவில்லை. வயிற்றின் மேல் இருக்கிறது என்றுதான் தோன்றியது. கழுத்தோரத்தில் ஊசி போட்டபோது முழங்கையை மடக்கி வயிற்றில் வைத்திருந்தாள், அது இன்னும் அங்கேயே கிடக்கிறது, விரல்கள் புடவைத் தலைப்பைப் பிடித்திருக்கின்றன, அப்படி ஒரு நினைப்பு. புடவையே இல்லை. முதுகுப் பக்கம் நாடா கட்டிய ஆஸ்பத்திரி அங்கிதான். தலையை அசைக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் கண்ணை மட்டும் ஓரமாக ஓட்டிப் பார்த்தாள். பச்சைத் துணியின் விளிம்புக்கு அந்தப் பக்கம் உதவி டாக்டர் ஒருவர் வெள்ளைத்துணி சுற்றிய ஒரு கையைப் பிடித்து நீட்டிக்கொண்டு நின்றார். பாவம், யாருடைய கையையோ இத்தனை நேரம் தாங்குகிறாரே, தோள் கடுக்காதா என்று நினைத்தாள். பிறகுதான் அது தன்னுடையது என்று பிடிபட்டது. பிடிபட்ட பிறகும் வயிற்றின் மேல் இருந்த கை எழுந்து போகவில்லை. மரத்துப்போவது என்றால் ஒன்றுமே இல்லாமல் போவது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள், இல்லாத இடத்தில் இருப்பதும் இருக்கிற இடத்தில் இல்லாததுமாக இது என்ன கூத்து. படுக்கையில் கிடக்கிற அவருக்கும் இப்படித்தான் இருக்குமோ. மார்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது என்று டாக்டர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்தாளே தவிர, மாமா, உங்க காலு எங்க இருக்கற மாதிரி இருக்குது என்று புருஷனை ஒரு நாளும் கேட்டதில்லை. அதையெல்லாம் கேட்க யாருக்குத் தோன்றும். விடிந்தால் திருப்பிப் படுக்க வைக்கவேண்டும், துடைக்கவேண்டும், தூக்கவேண்டும். கேட்டிருந்தாலும் அர்த்தநாரி என்ன சொல்லியிருக்கப் போகிறார், காலு எங்கியோ ராய்ப்பூர்ல நிக்குது புள்ள என்று சொல்லியிருப்பார். அவருக்கு எல்லாம் ராய்ப்பூர்தான். ரிக் வண்டியில் ஆழ்குழாய்க் கிணற்றுக்குப் போர் போடப் போய், மேலே அடுக்கியிருந்த இரும்புக் குழாய் நழுவிக் கழுத்தில் விழுந்த இடம் அது. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மயக்க டாக்டரம்மா குனிந்து, தூக்கம் வந்தால் தூங்குங்கம்மா என்றாள். குரல் கொஞ்சம் கம்மும், ஒரு கண் இமை சரியும், ஊசி வேலைதான் அது, சாயங்காலம் சரியாகிவிடும் என்று முன்னாலேயே சொல்லிவைத்திருந்தாள். நல்ல பொண்ணு. சம்பூர்ணம் தலையாட்டப் போய், ஆட்டக் கூடாது என்பது நினைவு வந்து, கண்ணை மூடித் திறந்தாள்.

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. தோளுக்குள் குழாய் விட்டுத் தண்ணீரைப் பாய்ச்சித்தான் உள்ளே பார்ப்பார்களாம், அது எங்கெங்கோ வழிந்து பிடரிப் பக்கம் சில்லென்று இறங்கியது. உடம்பில் தெரிந்தது அந்த ஒரு சில்லிப்புதான், அதையே பிடித்துக்கொண்டு கிடந்தாள். எதிரே டிவியில் வெள்ளை வெள்ளையாக என்னமோ மிதந்தது, ஓடைத் தண்ணீரில் பஞ்சு விழுந்த மாதிரி, அதுதான் அவளுடைய தோளின் உட்பக்கம் என்றார்கள், இருக்கட்டும். டாக்டர் போன வாரமே கையில் ஒரு பொம்மை எலும்பை வைத்துக்கொண்டு விளக்கியிருந்தார். எலும்போடு ஒட்டிக்கொண்டிருந்த தசைநார் பிய்ந்து வந்துவிட்டது, அது தானாகப் போய் ஒட்டாது. எலும்பில் சின்னதாகத் துளை போட்டு, நூல் கோத்த ஓர் ஆணியை உள்ளே இறக்கி, அந்த நூலால் நாரை இழுத்து எலும்பு மேலேயே கட்டிவிடுவோம். ஆங்கர் என்று பேர். கம்மல் திருகாணியைவிடக் கொஞ்சம் பெரிசு. இரும்புகூட இல்லையாம், பிளாஸ்டிக் மாதிரி ஒன்று. அதுவா இத்தனை பாரத்தையும் தாங்கும் என்று அவள் கேட்டதற்கு டாக்டர் சிரித்தார். காலத்துக்கும் தாங்க வேண்டாமுங்கம்மா, நார் தானா எலும்பில் ஒட்டுகிற வரைக்கும் பிடித்துக்கொண்டால் போதும், அப்புறம் ஆணிக்கு வேலை இல்லை, சும்மா உள்ளே கிடக்கும் என்றார். ஒட்டுகிற வரைக்கும். அந்த வார்த்தை அன்றைக்கிருந்து செருப்புக்குள் போன கல் மாதிரி கூடவே வருகிறது. எத்தனை வருஷம் பிடித்துக்கொண்டிருந்தால் ஒட்டும், ஒட்டிவிட்டதா இல்லையா என்று யார் வந்து பார்ப்பார்கள். அன்றைக்குக் கூட வந்திருந்த நங்கையாள் பாவாயம்மாள் இந்த விளக்கத்தையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கேட்கவேண்டியதைக் கடைசியில் கேட்டாள். அர்த்தநாரியின் அக்கா, சுற்றிவளைக்கத் தெரியாதவள். எங்க தம்பியைத் தூக்கி உக்கார வெக்கலாமுங்களா இந்தக் கையில என்றாள். டாக்டர், உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும், எலும்பு உறுதியாக இருந்து ஆணி நன்றாகப் பிடித்துவிட்டால் ஆறு மாதம் கழித்துத் தாராளமாகத் தூக்கலாம், ஆபரேஷன் முடிந்ததும் வெளியே வந்து அதை நானே சொல்கிறேன் என்றார். பாவாயம்மாள் இப்போது வெளியே பெஞ்சில் அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

தூக்குவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, பழகினால் வந்துவிடும். நீளத் துண்டை அவர் முதுகுக்குப் பின்னால் கொடுத்து அக்குள் வழியாக இரண்டு முனையையும் முன்னால் வாங்கிப் பிடிக்கவேண்டும், அவர் மடக்கிய கையை அவள் கழுத்தில் கொக்கி மாதிரி மாட்டிக்கொள்வார், விரல்தான் வராதே தவிர முழங்கை மடங்கும். மோவாயை அவளுடைய வலது தோளில் வைத்துக்கொள்வார். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணி மூணில் தூக்குவது என்பது பேச்சு. அவர் எந்த நாளும் மூணு வரைக்கும் இருந்ததில்லை, ரெண்டிலேயே எக்குவார். ரிக்கில் குழாய் மாட்டுகிறவர்கள் ரெண்டில்தான் தூக்குவார்களாம், மூணு என்பது மேஸ்திரிகளுக்கு என்பார். அவள் மூணிலும் அவர் ரெண்டிலுமாக இத்தனை வருஷம் ஓடிவிட்டது, நடுவில் ஒரு நொடி முழுப் பாரமும் அவள் தோளில் வந்து உட்காரும். அந்த நொடியில் அவர் மூச்சு காதில் படும். காப்பி வாசம். ஏனுங்க, மூணு வரைக்கும் பொறுங்க என்று சொல்லிச் சொல்லி அலுத்து, பிறகு அவளும் ரெண்டிலேயே தூக்கக் கற்றுக்கொண்டிருக்கலாம், ஏன் கற்றுக்கொள்ளவில்லை, வீம்பு, அவ்வளவுதான். தோள் பிய்ந்த அன்றைக்குத் தரை ஈரம். நாற்காலிக்கும் கட்டிலுக்கும் நடுவே அவர் கால் வழுக்கிக்கொண்டு போனது, கழுத்தில் மாட்டியிருந்த கை கழன்றது, துண்டின் ஒரு முனை மட்டும் அவளுடைய வலது கையில். ஆள் சாய்கிறார், கை பின்னால் போகிறது, போகக் கூடாத பக்கம் போகிறது. விட்டுரு என்று மனசு சொன்னது. தெளிவாகச் சொன்னது, வேறு யாரோ பக்கத்தில் நின்று சொன்னதைப்போல, விட்டுரு, எல்லாம் முடிஞ்சுரும். கை விடவில்லை. புதுத்துணியைக் கிழிக்கிற மாதிரி தோளுக்குள் ஒரு சத்தம். அவர் மெதுவாக இறங்கி, தலை அவள் பாதத்தின் மேல் வந்து சாய, தரையில் கிடந்தார். ஒரு கீறல் இல்லை. அடிபட்டுதா புள்ள என்று கீழேயிருந்து கேட்டார். இல்லீங்க என்றாள். மனசு சொன்னதைக் கை கேட்காமல் போனதற்குப் பெருமைப்படுவதா, மனசு அப்படிச் சொன்னதற்கு வெட்கப்படுவதா. இதில் எது என்று இன்றுவரை முடிவு செய்யவில்லை, இரண்டும் அவளுக்கு மரத்துப்போன மாதிரிதான் இருக்கிறது.

கொஞ்சம் தட்டுற சத்தம் கேட்கும், பயப்படாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். சொல்லி வாய் மூடுவதற்குள் டொக் என்று தலைக்குள் கேட்டது. காதால் வரவில்லை, பல்லால் வந்தது. டொக், டொக். வலி இல்லை, ஆனால் யாரோ தன் வீட்டுக் கதவை அடுத்த தெருவிலிருந்து தட்டுவதைப்போல அதைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். அவர் இப்போது பாவாயம்மாள் வீட்டில் பின்கட்டில் இருக்கிறார், தறிக்கூடத்தை ஒட்டின அறை. மூணு நாளாயிற்று. தறிச்சத்தம் இதே மாதிரிதான் இடித்துக்கொண்டிருக்கும். ஆறு மாதத்துக்கு மட்டும் என்று பேசி, சேலத்திலிருந்து ஒரு ஆளைப் பிடித்துப் போட்டிருக்கிறார்கள், வேளைக்குத் தூக்கி வைக்க. அதுக்கப்புறம் உங்க வீட்டுக்கே கூட்டிக்கோ, உன்னால ஆகாதுன்னா அப்ப வேற பேச்சு, தம்பி இங்கியே இருக்கட்டும் என்று பாவாயம்மாள் ஞாயமாகத்தான் சொன்னாள். ஆகாது என்றால். இந்த மூணு நாளும் மகள் மேகலா வீட்டில் காலை ஏழு மணிவரைக்கும் ஒருக்களித்துத் தூங்கினாள் சம்பூர்ணம். முதல் நாள் பழக்கத்தில் இருட்டோடு விழித்து, துண்டைத் தேடி, தேடவேண்டியதில்லை என்று தெரிந்ததும் அப்படியே படுத்துக்கொண்டாள், ஜன்னலில் வெளிச்சம் வருவதைப் பார்த்தபடி. ஒன்றும் செய்யவில்லை. அதைப்போல ஒரு சுகம் கல்யாணமான புதிதில்கூட இருந்ததில்லை. அது போதும் அவளுக்கு, வேறு ஆசை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை, டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து திருச்செங்கோட்டிலிருந்து ஈரோடு வரைக்கும் யாருக்கும் நேரம் சொல்லாமல் போய்வரவேண்டும், அவ்வளவுதான். இது ஒரு குற்றமா. ஆனால் அந்த ஆள் அவரைத் திருப்பிப் போடுவானா. இரண்டு மணிக்கொரு தரம் திருப்பவேண்டும், இடுப்பெலும்புக்கு மேலே தோல் சிவக்கிறதா என்று பார்க்கவேண்டும், சிவந்தால் அன்றைக்கே பார்க்கவேண்டும், விட்டால் புண்ணாகிக் குழி விழுந்துவிடும், குழி விழுந்தால் வாசம் வரும். ஒரே ஒரு தரம் வந்தது, அவள் தங்கச்சி சாவுக்குப் போய் நான்கு நாள் தங்கினபோது. அந்தக் குழி மூட மூன்று மாதம் ஆயிற்று. அவருக்கு வலிக்காது, வலிக்காததுதான் வினை. நேற்றுப் போனில் பேசும்போது, ஆளு திருப்பறானுங்களா என்று கேட்டாள். எல்லாம் பாக்கறான், நீ ஆஸ்பத்திரிக்குப் போற வழியப் பாரு என்றார். பொய் சொல்கிறாரோ. அவர் குரலில் பொய் கண்டுபிடிப்பது கஷ்டம், சின்ன வயதில் ஆறு மாதத்துக்கொருதரம் ராய்ப்பூரிலிருந்து வந்து நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிச் சொல்லிப் பழகின குரல்.

தட்டுவது நின்றது. இழுத்துப் பாக்கறேன் என்று டாக்டர் தனக்குத்தானே சொன்னார், நூலைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினார் போலிருக்கிறது, அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு அவர் வந்துருச்சு என்றார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஆணி துளையிலிருந்து கழன்று வந்துவிட்டது, எலும்பு மெத்து மெத்தென்று இருக்கிறது, மாதவிடாய் நின்ற வயசு இல்லையா என்று டாக்டர் உதவி டாக்டருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார், அவள் அங்கே இல்லாத மாதிரி. சம்பூர்ணத்துக்கு அப்போதுதான் அது நேர்ந்தது. மார்புக்குள் ஒரு கட்டு அவிழ்ந்தது. வந்துருச்சு. பிடிக்கவில்லை. ஆகாது. ஆகாது என்று டாக்டரே வெளியே போய்ச் சொல்வார், அவள் ஒரு வார்த்தை சொல்லவேண்டாம், ஒரு பழி இல்லை, எலும்பு மெத்தென்று இருந்ததற்கு யார் என்ன செய்யமுடியும். சந்தோஷமாக இருந்தது. தன் எலும்பு உளுத்துப்போனதற்குச் சந்தோஷப்படுகிற பொம்பளை உலகத்திலேயே தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள், நினைத்தும் சந்தோஷம் போகவில்லை. இந்த ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து, ஏன், அதற்கும் வெகு நாள் முன்னாலிருந்தே, அவளுக்கு உருப்படியாகத் தெரிந்த ஓர் உணர்ச்சி அதுதான். யாராவது தன் முகத்தைப் பார்க்கிறார்களா என்று பயந்து கண்ணை மூடிக்கொண்டாள், ஒரு இமை ஏற்கனவே மூடித்தான் இருந்தது. ஆனால் டாக்டர் விடுகிற ஜாதி இல்லை. பெரிசு குடுங்க என்றார். ஆங்கர் கம்பெனியிலிருந்து வந்து மூலையில் பெட்டிகளோடு நின்றிருந்தவர் ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்துத் திறந்தார். பொலபொலப்பு மண்ணில் போர் நிற்காமல் சரிந்தால் அர்த்தநாரி விட்டுவிட்டா வருவார், பாறை தட்டுகிறவரைக்கும் கேசிங் குழாயை இறக்குவார், கெட்டி எங்கியாச்சும் இருக்கும் புள்ள, எறங்கணும் என்பார். டாக்டரும் இடத்தை மாற்றி, இன்னும் கொஞ்சம் தள்ளி, இன்னும் ஆழமாக இறங்கினார். டொக், டொக். பிடிக்காதே, பிடிக்காதே என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். திருப்பிப் போடாத ஒரு முதுகு கண்ணுக்குள் வந்தது, சிவந்த தோல் வந்தது, அதற்கும் மேலே பிடிக்காதே என்றே ஓடியது மனசு. டாக்டர் நூலைச் சுண்டினார். மறுபடி சுண்டினார். பக்கத்திலேயே இன்னொன்றையும் இறக்கி அதையும் சுண்டினார்.

பாறை மாதிரி உட்கார்ந்துவிட்டது என்றார் டாக்டர். குரலில் சந்தோஷம் தாங்கவில்லை, இருக்காதா, தோற்கப்போன ஆட்டத்தை ஜெயித்தவர். நாரை இழுத்து எலும்பின் மேல் படியவைத்து முடிச்சுப் போட ஆரம்பித்தார், டிவியில் நீல நூல் ஒன்று வளைந்து வளைந்து இறங்கியது. உங்க எலும்பு ஏமாத்தப் பாத்துதுங்கம்மா, விடலை, ஆறு மாசங் கழிச்சு உங்க வீட்டுக்காரரை அலேக்காத் தூக்குவீங்க என்று துணிக்கு மேலே எட்டிப் பார்த்துச் சொன்னார். அவள் சிரிக்கவேண்டும் என்று எதிர்பார்த்தார் போலும். அவள் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிச்சு இறுகியது. இன்னொன்று இறுகியது. இதற்குப் பிறகு அவர் கையுறையைக் கழற்றுவார், கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போவார், பாவாயம்மாள் பெஞ்சிலிருந்து எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு நிற்பாள், தூக்கலாமுங்க என்று அவர் சொல்வார். முடிந்தது. சொல்லவேண்டியது இருந்தால் இப்போதுதான். இப்படி ஒன்றை ஒரு அந்நிய மனுஷரிடம், இத்தனை பேர் நிற்கிற அறையில், எப்படிக் கேட்பது, கேட்டால் என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் கூப்பிட்டுவிட்டாள். குரல் காற்றாகத்தான் வந்தது. மயக்க டாக்டரம்மா கவனித்து, சார், என்னமோ சொல்றாங்க என்றாள். டாக்டர் குனிந்தார்.

"வெளிய நங்கையா கேப்பாங்க, தூக்கலாமான்னு. ஆகாதுன்னு சொல்லிருங்க."

"நல்லாத்தானுங்கம்மா பிடிச்சிருக்குது."

"தெரியுதுங்க. பிடிச்சாலும் ஆகாதுன்னு சொல்லிருங்க."

கம்பெனிக்காரர் பெட்டியை மூடுவதில் மும்முரமானார். டாக்டரம்மா குளுக்கோஸ் பாட்டிலை அண்ணாந்து பார்த்தாள். டாக்டர் தோளில் தையல் போட்டுக்கொண்டே, நிமிராமல் பேசினார்.

"நேத்து சாயங்காலம் உங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாருங்க. எங்கிட்டத்தான் பேசணும்னு ஒரே பிடியா இருந்தாராம்."

உயிருக்கு ஒன்றும் ஆகாதே என்று கேட்டிருப்பார், வேறென்ன கேட்பார் என்று நினைத்தாள்.

"நீங்க இப்பக் கேட்டீங்களே, அதையேதான் அவரும் கேட்டாரு. கை நல்லா ஆனாலும் ஆகலைன்னு எங்கக்காகிட்டச் சொல்லிருங்க, சம்பூர்ணம் வாய் தொறந்து கேக்க மாட்டா, நாங் கேக்கறேன்னாரு. அப்படியெல்லாம் சொல்ல முடியாதுங்கன்னு வெச்சுட்டேன்."

அந்தச் சேலத்து ஆள்தான் போனைக் காதில் பிடித்திருப்பான். அவன் கேட்டுக்கொண்டு நிற்க, இவர் இதைச் சொல்லியிருக்கிறார். எப்போது தெரிந்தது இவருக்கு. ஈரத்தில் வழுக்கின அன்றைக்கா, அதற்கும் முன்னாலா, தோளில் மோவாயை வைத்துக்கொண்டு இத்தனை வருஷமும் இவள் பல்லைக் கடிப்பதைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தாரா. குழி விழுந்தால் மூட எத்தனை நாள் ஆகும் என்பது அவளைவிட அவருக்குத்தானே தெரியும், தெரிந்தேதான் கேட்டிருக்கிறார். இதற்கு அழவேண்டும் என்று சம்பூர்ணத்துக்குத் தெரிந்தது. அழுகை எங்கே இருக்கிறது என்று உள்ளே தேடினாள், வயிற்றின் மேல் இல்லாத கையைத்தான் உணர்ந்தாள். சரிந்த இமைக்குள் ஈரம் கட்டியிருந்தது, அதுகூடத் தண்ணீர்க் குழாயிலிருந்து தெறித்ததாக இருக்கலாம்.

டாக்டர் கத்தரிக்கோலைத் தட்டில் வைத்தார். ரெண்டு பேரும் கேட்கிறீர்கள், நான் என்னதான் சொல்லட்டும் என்றார், கோபமாக இல்லை. நல்ல பொம்பளை சொல்லவேண்டிய பதில் ஒன்று இருந்தது. வேண்டாமுங்க, நானே பாத்துக்கறேன், உள்ளதைச் சொல்லிருங்க. அது தொண்டை வரைக்கும் வந்து தயாராக நின்றது, அவளும் அதற்கு வழிவிட்டுக் காத்திருந்தாள், அது வரும் வரும் என்றே பார்த்தாள்.

"அவரு சொன்ன மாதிரியே சொல்லிருங்க" என்றாள்.

டாக்டர் தலையாட்டினார், அல்லது கழுத்தை நிமிர்த்திக்கொண்டார், எது என்று தெரியவில்லை. கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டுக் கதவுப் பக்கம் நடந்தார். மத்தியானத்துக்குள் பாவாயம்மாள் போன் போட்டுச் சொல்லிவிடுவாள். தறிச்சத்தத்துக்கு நடுவே அர்த்தநாரி கேட்டுக்கொள்வார், தான் கேட்டது நடந்துவிட்டது என்று நினைப்பார், அவளுக்குத் தான் கொடுத்தது என்று கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருப்பார். டாக்டர் கதவில் கை வைத்தபோதுதான் அது அவளுக்கு உறைத்தது. நானும் கேட்டேனென்று மட்டும் அவருக்குத் தெரிய வேண்டாமுங்க என்று சொல்ல வாயைத் திறந்தாள். குரல் எழும்பவில்லை. கதவு திறந்தது, வெளியே பெஞ்சிலிருந்து யாரோ எழுந்து நிற்பது தெரிந்தது, கதவு மூடிக்கொண்டது.